குடைந்ததும் எடுத்ததும்

பிரெஞ்சு மொழியில் 'க்ரோ' என்று ஒரு சொல். எழுதும்போது கடைசியில் ஓர் எக்ஸ் நிற்கும். வாய் அதைத் தொடாது. உள்ளே ஒன்றுமில்லாமல் குழிந்து கிடப்பது எதுவானாலும் அது க்ரோ. உளுத்துப்போன மரம், உள்ளங்கைக் குழி, சூப்பு ஊற்றும் குழித்தட்டு, ஒட்டிய கன்னம், இரண்டு அலைகளுக்கு நடுவே இறங்கும் பள்ளம் எல்லாம் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். முற்பகலில் வயிறு லேசாகக் கிள்ளினால் 'எனக்கு ஒரு க்ரோ' என்பான் பிரெஞ்சுக்காரன். பேருந்தில் கூட்டம் குறைந்த நேரமும் மின்கட்டணம் குறைந்த நேரமும் க்ரோ மணிகள். சரக்கில்லாத பேச்சு க்ரோ பேச்சு. பாராட்டாகவும் ஓர் இடத்தில் வரும்: நடக்கப்போவதை முன்கூட்டியே மோப்பம் பிடிப்பவனுக்கு மூக்கு க்ரோ என்பார்கள்.

இதை ஆங்கிலத்தில் சொல்லப்போன அகராதிக்காரர்கள் திண்டாடியிருக்கிறார்கள். ஹாலோ என்று ஆரம்பித்து எம்ப்டி என்று தொடர்ந்து, ஒட்டிய கன்னத்துக்கு சங்கன், அலைப் பள்ளத்துக்கு டிரஃப், வியாபாரம் படுத்த காலத்துக்கு ஸ்லாக், கட்டணம் குறைந்த நேரத்துக்கு ஆஃப்-பீக் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். முத்திரை மோதிரத்தில் உள்வெட்டாகச் செதுக்கும் உருவம் வந்ததும் இத்தாலியனிடம் கடன் வாங்கி இன்டாலியோ என்பார்கள். ஒரு சொல் ஆங்கிலத்தில் பத்தாக உடைகிறது.

சொல்லின் பூர்வீகமும் கவனிக்கத்தக்கது. பிரெஞ்சுச் சொற்களில் பெரும்பாலானவை லத்தீன் வயிற்றில் பிறந்தவை. குழிவுக்கு லத்தீனில் 'கவுஸ்' என்ற சொல் இருந்தது. குகையைக் குறிக்கும் ஆங்கிலக் 'கேவ்', பல் மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு உச்சரிக்கும் 'கேவிட்டி' எல்லாம் அதன் வழி வந்தவை. க்ரோ அந்த வழியில் வரவில்லை. ரோமானியப் படை வருவதற்கு முன் அங்கே பேசப்பட்ட கெல்ட்டிய மொழியின் மிச்சம் அது என்பதே பெரும்பாலான சொல்லாய்வாளர் கருத்து. ஆள வந்தவனின் மொழி வந்து எல்லாவற்றையும் மூடிய பிறகும், பள்ளத்துக்கும் பொந்துக்கும் அந்த மண்ணின் உழவன் வைத்திருந்த பெயர் மட்டும் பிடிவாதமாகத் தங்கிவிட்டது.

இந்தச் சொல் உள்ள மொழியைத் தாய்மொழியாகப் பேசிய ஒருவருக்கும் புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலுக்கும் ஒரு தொடர்பு உண்டு. புதுச்சேரியில் ஆசிரியராக இருந்து தென்னிந்தியக் கோயில்களைத் தேடித் தேடி எழுதிய ழூவோ துப்ரேய்தான் அவர். சித்தன்னவாசலில் அறிவர் கோயில் என்ற குகைக்கோயிலில் ஓவியம் இருப்பதை முதலில் கவனித்துச் சொன்னவர் து. அ. கோபிநாத ராவ். 1920இல் அதைப் பற்றி எழுதி வெளியுலகுக்குக் காட்டியவர் துப்ரேய். மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது என்று அவர் சொன்னது பிறகு நிற்கவில்லை. அது இருக்கட்டும், இங்கே என் கவலை வேறு. பாறையைக் குடைவதற்கு அவர் மொழியில் உள்ள வினை 'க்ரெஸே'. க்ரோவின் வினை வடிவம்தான். புத்தியைப் போட்டுக் கசக்கிக்கொள்வதற்கும் 'தலையைக் க்ரெஸே' செய்வதாகவே சொல்வார்கள். நமக்கும் ஒரு கேள்வி மண்டையைக் குடைவதுண்டு. இரண்டு மொழிகளும் கலந்து பேசி வைத்துக்கொண்டதில்லை. குடைகிற வேலை எங்கும் ஒன்றுதான் போலிருக்கிறது.

க்ரோவுக்குத் தமிழில் ஒரே சொல் கேட்டால் கிடைக்காது. தமிழ் வெறுமையை இரண்டு குவியலாகப் பிரித்து வைத்திருக்கிறது. இருக்க வேண்டியது இல்லாமல் போனது ஒரு குவியல். இருந்ததை எடுத்துவிட்டதால் உண்டானது இன்னொரு குவியல். முதலாவது நட்டக் கணக்கு. இரண்டாவதில் வேலை இருக்கிறது, உளி இருக்கிறது, கூலி இருக்கிறது. பிரெஞ்சுச் சொல் இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறது என்பதுதான் நமக்கு அதில் இடறுகிற இடம்.

முதல் குவியலைப் புதுக்கோட்டைச் சீமைக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பெரிய ஆறு பாய்ந்து வளமாக்கிய பூமி அல்ல. கண்மாயையும் வானத்தையும் நம்பிய வெள்ளாமைதான் பெரும்பகுதி. கதிர் வெளிவந்து பால் கட்டுகிற நேரத்தில் தண்ணீர் இல்லாமல் போனால் நெல் சாவியாகிவிடும். வெளியே பார்த்தால் கதிர்தான், நிறமும் கதிரின் நிறம்தான். கையில் உருவினால் உமி மட்டும் வரும். அரையும் குறையுமாக மணி பிடித்தால் கருக்காய். தூற்றும்போது காற்றோடு போவது பதர். நிலக்கடலைக்குச் சாவி என்று சொல்ல மாட்டார்கள், அது பொக்கு. காதருகில் ஆட்டிப் பார்த்தே பொக்கைச் சொல்லிவிடுகிற பெண்கள் கடலை ஆய்கிற களத்தில் இருப்பார்கள். பல் போன வாய் பொக்கை வாய். பூச்சி விழுந்த பல்லும் விதையும் சொத்தை. இத்தனை சொல் இருப்பதற்குக் காரணம் எளிது: ஒவ்வொரு நட்டமும் வேறு வேறு. சாவிக்கு மழை பொறுப்பு, சொத்தைக்குப் பூச்சி பொறுப்பு.

இந்தக் குவியலில் வெளியூர்ச் சொற்களும் வந்து சேர்ந்தன. அரபியிலிருந்து உருது வழியாக வந்த 'காலி' இன்று வெறுமை என்பதைவிட நாக்குக்கு நெருக்கம். காலி மனை, காலிப் பணியிடம், வீட்டைக் காலி செய்வது, கடைசியில் ஆளே காலி. தண்ணீர் வராத ஊரில் பெண்கள் காலிக்குடத்தோடு சாலையில் உட்கார்ந்தால் அது செய்தி. வெறுங்குடம் என்று எந்தப் பத்திரிகையும் தலைப்புப் போடாது. 'சூனியம்' கதை இன்னும் விசித்திரம். ஒன்றுமின்மையைக் குறிக்கும் வடசொல் அது. கணக்கில் சுழியமாகி, அரபியில் சிஃப்ராகி, ஐரோப்பாவில் ஒரு கிளை ஜீரோவாகவும் ஒரு கிளை சைபராகவும் பிரிந்து, சைபர் நம் பள்ளிக்கூடத்து வாத்தியார் வாயில் திரும்ப வந்து சேர்ந்தது. ஊரிலேயே தங்கிய சூனியமோ எலுமிச்சம்பழத்தோடும் முடிக்கயிற்றோடும் கூட்டுச் சேர்ந்து பில்லியின் பங்காளி ஆகிவிட்டது. ஒன்றுமே இல்லாத ஒன்றை எடுத்துப்போய் எதிரி வீட்டில் வைக்க முடியும் என்று நம்பிய மொழி உலகில் வேறு உண்டா, தெரியவில்லை.

இனி சித்தன்னவாசல் மலைக்கு வருவோம். புதுக்கோட்டைக்கு வடமேற்கே சுமார் 16 கிலோமீட்டரில், அன்னவாசலுக்கு அருகே, வயல்வெளியிலிருந்து எழும்பி நிற்கிற நீளமான கருங்கல் குன்று. ஊர்ப்பெயரிலேயே ஒரு திறப்பு இருக்கிறது. வாயில்தான் வாசலானது. அந்த வாயிலே 'இல்வாய்' முன்பின்னாக மாறியது என்று இலக்கணப்போலிக்கு உதாரணம் காட்டிப் பள்ளியில் படித்திருப்போம். வீட்டுக்கு வாய், குடத்துக்கு வாய், குகைக்கு வாய், புண்ணுக்கும் வாய். உள்ளே குழிந்த எதற்கும் தமிழ் முதலில் ஒரு வாயைத்தான் வைக்கிறது.

குன்றின் உச்சிப் பக்கம் ஏழடிப்பட்டம். இயற்கையாக அமைந்த பாறை இடுக்கு. மனிதர் குடைந்தது அல்ல. அங்கே போகிறவர் பாறை விளிம்பை ஒட்டி நடக்க வேண்டும். கால் வைக்கப் பாறையில் ஏழு குழிகள் வெட்டியிருக்கிறார்கள். அந்த ஏழடிதான் பெயராக நின்றது. இன்றைக்கு இரும்புக் கம்பி பிடித்துக்கொண்டு போகிறோம். கம்பி இல்லாத காலத்தில் அந்த ஏழு குழிதான் துறவிக்கும் பள்ளத்துக்கும் இடையே இருந்தது. உள்ளே பாறைத் தரையை இழைத்து வழவழப்பாக்கிய 17 படுக்கைகள். தலை வைக்கிற இடத்தில் கல்லையே சற்று உயர்த்தி விட்டிருக்கிறார்கள், தலையணை போல. முதுகு படும் இடத்தை மட்டும் குறைத்து, தலை படும் இடத்தை விட்டுவைத்த சிக்கனமான வேலை.

படுக்கைகளில் பெரியதன் ஓரத்தில் தமிழி என்ற பழைய எழுத்தில் பொறிப்பு ஒன்று இருக்கிறது. கி.மு. முதல் நூற்றாண்டளவில் வைப்பார்கள். எருமைநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்காக இளையர் செய்து கொடுத்தது என்பது சாரம். எருமைநாடு என்பது மைசூர்ப் பக்கம் என்று கொள்வார்கள். செய்து கொடுத்தது எதை? கல்வெட்டு சொல்லும் சொல் அதிட்டானம். இருக்கை, தங்குமிடம் என்று பொருள். வடமொழியிலிருந்து பிராகிருதம் வழியாக வந்தது. இந்தச் சொல்லின் பிற்காலப் பயணம் தனிக்கதை: சிற்பிகளிடம் போய்க் கோயிலின் அடித்தள வரியாகவும், மடங்களிடம் போய்த் துறவியின் சமாதியாகவும் ஆனது. உட்காரும் இடம், தாங்கும் இடம், அடங்கும் இடம்.

மதுரைக்கு அருகே மாங்குளத்தில் இதைவிடப் பழைய பொறிப்புகள் உண்டு. அங்கே வரும் சொல் பள்ளி. படுக்கும் இடம் பள்ளி. சமணர் படுத்த இடத்திலேயே படிப்பும் நடந்ததால் பிறகு பள்ளிக்கூடம். பழைய நிகண்டுகளில் பாழி என்று ஒரு சொல். முழைக்கும் பெயர், முனிவர் உறைவிடத்துக்கும் பெயர், மக்கள் துயிலும் இடத்துக்கும் பெயர்.

இந்தச் சொற்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தட்டுப்படுகிறது. அதிட்டானம், பள்ளி, பாழி. எதிலும் குழிவோ வெறுமையோ முன்னால் வரவில்லை. இருப்பது, படுப்பது, தங்குவது என்ற மனிதச் செயலே பெயராகியிருக்கிறது. குகைக்குள் வாழ்ந்தவர்களுக்கு அது குகையாகத் தெரியவில்லை, இடமாகத் தெரிந்திருக்கிறது. தமிழில் குழிவுக்குச் சொல் பஞ்சம் இருந்து அப்படி எழுதவில்லை. முழை, அளை, விடர் எல்லாம் சங்கப் பாட்டில் தாராளமாகப் புழங்குகின்றன. ஆனால் அங்கே அவற்றில் குடியிருப்பவை புலியும் கரடியும் பாம்பும். பின்னால் வந்த துறவிகள் சிலர், 8, 9ஆம் நூற்றாண்டு எழுத்தில், இதே ஏழடிப்பட்டத்தில் தங்கள் பெயரைப் பொறித்துப் போனார்கள். அவர்களில் ஒருவர் பெயர் திருப்பூரணன். நிறைந்தவர்! உண்ணாநோன்பிருந்து உடம்பை ஒடுக்குவதையே பெரிய தவமாகக் கொண்ட சமயத்தில், பாறைப் பொந்தில் படுத்தவருக்கு இந்தப் பெயர்.

பாழியில் ஓர் இகரத்தைக் குறைத்தால் பாழ். இரண்டும் ஒரே வேர் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் படுத்தவர்கள் போன பிறகு படுக்கை என்ன ஆகும் என்பதற்கு இந்த இரண்டு சொல்லும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பது தற்செயலாகவே இருந்தாலும் பொருத்தம்தான். பாழுக்கு வெறும் அழிவு மட்டும் பொருளன்று. பரிபாடலில் எண்களை வரிசையாகச் சொல்லும் இடத்தில் ஒன்றுக்கும் கீழே, காலுக்கும் கீழே நிற்பது பாழ். திருமந்திரக்காரர் முப்பாழ் என்று அதையே தத்துவமாக்கினார். சூனியம் மந்திரவாதியிடம் மாட்டிக்கொள்ள, பாழ் ஞானிகளிடம் போய்ச் சேர்ந்தது.

'குடை' எப்போது மேடைக்கு வருகிறது? வீட்டு வழக்கில் அது பழைய சொல். காதைக் குடைகிறோம். வண்டு மாங்கொட்டையைக் குடைகிறது. மழை வருவதற்கு முன் பெரியவர்களுக்குக் கால் குடைச்சல். அலுவலகத்தில் மேலதிகாரி கொடுப்பதும் குடைச்சலே. குளத்தில் மூழ்கி ஆடுவதும் புனல் குடைதல். திருவெம்பாவையில் பொய்கையும் குடைதலும் ஒரே பாட்டில் சேர்ந்து வரும். கடல் நிலத்துக்குள் வளைந்து புகுந்த இடம் குடா. குடம், குடல், பிடிக்கிற குடை எல்லாம் வளைவு என்ற பொருளைச் சுற்றி நிற்கும் சொந்தக்காரர்கள். பனையோலையைக் குழித்து மடித்துக் கஞ்சி குடிக்கச் செய்த பாத்திரத்துக்கும் குடை என்றே பெயர் இருந்தது.

கோயில் வேலையில் இந்த வினை வரும் கல்வெட்டு ஒன்று இதே மாவட்டத்தில் இருக்கிறது. கீரனூர்ப் பக்கம் மலையடிப்பட்டி. தந்திவர்ம பல்லவனின் 16ஆம் ஆட்சியாண்டு, அதாவது 9ஆம் நூற்றாண்டின் தொடக்கம். விடேல்விடுகு முத்தரையன் என்ற பட்டம் கொண்ட குவாவன் சாத்தன், திருவாலத்தூர் மலையைத் தளியாகக் குடைந்து இறைவனை எழுந்தருளச் செய்ததாகத் தானே பேசுகிறான். தளி என்றால் கோயில். 'தளியாகக் குடைந்து' என்பது துல்லியமான சொல்லாட்சி. மலையில் தளி கட்டவில்லை, மலைக்குள் தளி வைக்கவில்லை. மலையைத் தளி ஆக்கியிருக்கிறான். குடைவு என்ற சொல் உள்ளே இருப்பவன் வாயிலிருந்து வரவில்லை, உளி பிடித்தவனுக்குக் கூலி கொடுத்தவன் வாயிலிருந்து வந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இன்று நாம் எழுதும் 'குடைவரை' இந்த வினையோடு மலையைக் குறிக்கும் 'வரை' சேர்ந்த வினைத்தொகை. குடைந்த வரை, குடைகின்ற வரை, குடையும் வரை என்று மூன்று காலமும் விரியும். மாமல்லபுரத்தில் பாதியில் விட்ட குகைகளைப் பார்த்தால் நிகழ்காலமும் பொருந்தும் என்று தோன்றும். ஆனால் பெயர்ப்பலகையிலும் பாடநூலிலும் சுற்றுலாக் கையேட்டிலும் 'குடவரை' என்ற வடிவம் பரவிக் கிடக்கிறது. குட என்றால் மேற்கு. குடவரை என்றால் மேற்கு மலை. ஐகாரம் ஒன்றைக் கைவிட்டதில் உளி, சிற்பி, வேலை எல்லாம் போய்த் திசை மட்டும் மிஞ்சுகிறது. சித்தன்னவாசல் அறிவர் கோயில் குன்றின் மேற்குச் சரிவில் இருப்பதால் அங்கே மட்டும் இந்தப் பிழையை மன்னித்துவிடலாம்.

பாறையைக் குடைவது எப்படி என்பதை முடிக்காமல் விட்ட குகைகளே காட்டிக்கொடுக்கின்றன. புதுக்கோட்டை அருங்காட்சியகத்தில் காப்பாளராக இருந்தவரும் பல்லவர் குகைக்கோயில்களைப் பற்றி 1964இல் பெரிய நூல் எழுதியவருமான கே. ஆர். சீனிவாசன் அந்த முறையை விளக்கியிருக்கிறார். முகப்பைச் சமன்படுத்திக் கோடு போடுவார்கள். கட்டம் கட்டமாக ஆழமான காடி வெட்டுவார்கள். காடிகளுக்கு நடுவே பாளம் பாளமாகத் துருத்தி நிற்கும் கல்லைத் தட்டி எடுப்பார்கள். தெரிகிற புதிய பரப்பில் மறுபடியும் கட்டம். தூண் நிற்க வேண்டிய இடத்தை மட்டும் தொடாமல் விட்டுக்கொண்டே உள்ளே போவார்கள். ஒரு தட்டு அதிகமாகிப் போனால் ஒட்டவைக்க வழியில்லை. செங்கல் வேலையில் கொத்தனார் நேற்றுக் கட்டியதை இன்று இடித்துக் கட்டலாம். இங்கே அந்தச் சலுகை கிடையாது. மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் தன் குகைக்கோயிலை அறிமுகப்படுத்தும்போது செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுதை இல்லை என்று நான்கு இல்லைகளால்தான் அறிமுகப்படுத்துகிறான். கழித்துக் கட்டிய கட்டடத்தைக் கழித்தே வர்ணித்திருக்கிறான் கெட்டிக்காரன்.

அறிவர் கோயில் சிறியது. முன்னால் உள்ள மண்டபம் 22.5 அடி நீளம், 7.5 அடி அகலம், 8.5 அடி உயரம். கருவறை 9.5 அடிச் சதுரம், 7.5 அடி உயரம். பெருக்கிக் கூட்டினால் 2100 கன அடியைத் தொடும். கருங்கல்லின் எடையை வைத்துக் கணக்கிட்டால் அந்தச் சிறிய வெற்றிடத்துக்காக உளியால் கொத்தி வெளியே அள்ளியது 150 டன்னுக்கும் மேல். இரண்டு அறை அளவு வெறுமைக்கு விலை அது. அறை என்ற சொல்லும் இங்கே ஒரு வேடிக்கை காட்டுகிறது. சங்கத் தமிழில் அறை என்றால் பாறை. இன்றைய தமிழில் அறை என்றால் நான்கு சுவருக்குள் அடங்கிய வெளி. திடமான கல்லுக்கும் அது இல்லாத இடத்துக்கும் ஒரே பெயர். கருவறைக்குள் நிற்கும்போது இரண்டு பொருளும் ஒரே நேரத்தில் சரி.

அந்தக் கருவறையின் நடுவில் நின்று வாயை மூடி 'ம்' என்று முனகினால் அறை முழுவதும் ரீங்கரிக்கும். வழிகாட்டிகள் எல்லாரும் இதைச் செய்து காட்டுவார்கள். சித்தர் சக்தி என்று சேர்த்துச் சொல்கிறவர்களும் உண்டு. ஒலியியல் கணக்கு வேறு சொல்கிறது. 9.5 அடி நீளமுள்ள அலை ஒன்று சுவருக்குச் சுவர் முழுதாகப் பொருந்த வேண்டுமானால் அதிர்வெண் வினாடிக்கு 120 அளவில் இருக்க வேண்டும். தாழ்ந்த ஆண்குரல் முனகும்போது தொடுகிற எண் அதுதான். அந்த அலைக்கு அழுத்தம் ஓங்கும் இடங்களில் ஒன்று சரியாக அறையின் நடுப்புள்ளி. எதிரொலித்துத் திரும்பும் பரப்பு துணியோ மரமோ அல்லாமல் இழைத்த கருங்கல் என்பதால் ஓசை சட்டென்று சாவதில்லை. கீச்சுக்குரல்காரர் எவ்வளவு பக்தியோடு முனகினாலும் இதே விளைவு வராது. பிரெஞ்சில் தட்டிப் பார்த்து 'க்ரோவாக ஒலிக்கிறது' என்றால் அது குறை. உள்ளே சரக்கில்லை என்று அர்த்தம். இங்கே குழிந்து ஒலிப்பதே அறையின் சிறப்பு.

மண்டபத்துக் கூரையில் ஒரு பொய்கை வரைந்திருக்கிறார்கள். தாமரை இலைகள், மொட்டுகள், மலர்கள், மீன், அன்னம், யானை, எருமை, பூப்பறிக்கும் மனிதர்கள். சமணர்கள் இதைத் தீர்த்தங்கரர் அறமுரைக்கும் அவையான சமவசரணத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். பழைய உரைகாரர்கள் பொய்கைக்கு மனிதர் ஆக்காத நீர்நிலை என்று பொருள் எழுதினார்கள்; யாரும் வெட்டாமல் தானே குழிந்து நீர் நின்ற இடம். பொய் என்ற சொல்லுக்கே அகராதியில் மரப்பொந்து என்று ஒரு பொருள் உண்டு. பொள்ளல், பொத்தல், பொந்து, கல்லை உளியால் கொத்தும் பொளிதல் எல்லாம் அதன் சுற்றுவட்டாரத்தில் நிற்கின்றன. உள்ளீடில்லாத மரம் பொய். உள்ளீடில்லாத பேச்சும் பொய். வராமல் ஏமாற்றிய மழை பொய்த்த மழை. க்ரோ பேச்சு என்று பிரெஞ்சுக்காரன் சொல்வதற்கு மிக அருகே வரும் தமிழ்ச்சொல் இதுதான் என்று எனக்குப் படுகிறது. ஆனால் அவன் சொல்லில் வெறும் அலட்சியம் இருக்கிறது, நம் சொல்லில் குற்றச்சாட்டு இருக்கிறது.

நிஜமாகவே நீர் நிற்கும் குழியும் குன்றில் உண்டு. மலை மேல் நாவல் மர நிழலில் நவச்சுனை. அதன் தண்ணீருக்குள் ஜம்புநாதர் குகை மூழ்கிக் கிடக்கிறது. இறைத்து வற்றவைத்தால் மட்டுமே லிங்கத்தைப் பார்க்கலாம். ஜம்பு என்றால் நாவல். நாவல் சுனைதான் நவச்சுனையாகியிருக்கும். அடிவாரத்துக் கல்வட்டங்களுக்குள் கல்லறைப் பதுக்கைகள். எல்லாருக்கும் முந்தி இந்த மண்ணில் குழி தோண்டியவர்கள் அந்தப் பதுக்கைகளை அமைத்தவர்கள்தான்.

கடைசியாக, வினைகளின் கதை. அறிவர் கோயிலில் பாட்டாக எழுதிய கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலம், 9ஆம் நூற்றாண்டு. துப்ரேய் போட்ட பல்லவக் கணக்கைத் திருத்தியதில் இதற்குப் பெரும் பங்குண்டு. மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் அகமண்டபத்தைப் புதுக்கினார், முகமண்டபத்தை எடுத்தார் என்பது செய்தி. எடுத்தல் என்றால் கட்டி உயர்த்துதல். கோயில் எடுத்தார், கொடி எடுத்தார், சுவர் எடுத்தார் என்று இன்றும் சொல்கிறோம். அதே வினைக்கு நீக்குதல் என்ற பொருளும் உண்டு: கல்லை எடு, மண்ணை எடு, முள்ளை எடு. மேலே ஏற்றுவதும் வெளியே தள்ளுவதும் தமிழில் ஒரே வினை. பாறையிலிருந்து 150 டன்னை எடுத்தவர்கள் ஒரு கோயில் எடுத்தார்கள் என்றால் இலக்கணத்தில் குறை காண முடியாது.

இளங்கௌதமன் எடுத்த முகமண்டபம் இன்றில்லை. கல் மேல் கல் வைத்துக் கட்டியது, சரிந்துவிட்டது. அதற்கு முன்பே குடைந்த பகுதி அப்படியே இருக்கிறது. நாம் இப்போது முன்னால் பார்க்கும் தூண் தாழ்வாரம் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் டாட்டன்ஹாம் நிர்வாகியாக இருந்த காலத்தில் வைத்தது. தூண்களைக் குடுமியான்மலையில் சிதைந்து கிடந்த மண்டபத்திலிருந்து கொண்டு வந்தார்கள். விழக்கூடிய பகுதிக்கு வேறொரு கோயிலின் விழுந்த பகுதியே மாற்று.

குடைவதற்கு நேர் எதிரான வேலை இதே மாவட்டத்துச் சாலையோரங்களில் நடக்கிறது. பிரான்சின் லூர்து நகரில் 1858இல் மாதா காட்சி தந்ததாகச் சொல்லப்படும் பாறைப் பொந்து நம்மூர்க் கத்தோலிக்கர்களிடம் கெபி ஆனது. வேதாகமத் தமிழில் தானியேலைத் தள்ளிய சிங்கக் கெபியாக வந்து பழகிய சொல் அது. சிங்கம் போய் மாதா வந்ததும் பயம் போய்விட்டது. மலையில்லாத ஊரில் கெபிக்கு எங்கே போவது? கொத்தனார் கம்பி கட்டி, வலை அடித்து, சிமெண்டை அள்ளி அள்ளி அப்பி, பாறை போல மேடுபள்ளம் காட்டி, சாம்பல் நிறம் பூசி, நடுவில் ஆளுயரத்துக்கு வெற்றிடம் விடுகிறார். அங்கே குடைய ஒன்றுமில்லை. குழிவையே சேர்த்துச் சேர்த்துக் கட்டுகிறார்கள். திறப்பு விழா நோட்டீசில் 'கெபி எழுப்பப்பட்டு' என்று போடுவார்கள். இளங்கௌதமனைக் கேட்டால் கெபி எடுத்தார்கள் என்றுதான் எழுதுவார்.